கணக்கில் வராத கட்டில்

தமிழ் சினிமாவில் வயதானவர்கள் சாவதற்கென்று ஒரு முறை உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். மகன் கையைப் பிடித்து இரண்டு வசனம் பேசுவார்கள். தலை சாயும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'ஸாரி' என்பார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம்.

நம் வீடுகளில் சாவு இப்படியா வருகிறது? பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகி, எட்டு மாசம் பத்து மாசம் இழுத்து, துணி மாற்றுவது யார் என்று வீட்டுக்குள் முணுமுணுப்பு வந்து, முதுகில் புண் வந்து, அப்புறம்தான் வருகிறது. இந்தச் சாவை நம் ஆட்கள் ரொம்ப நாள் படமாக எடுக்கவே இல்லை.

பிறகு பார்த்தால், நாலு வருஷத்துக்குள் மூன்று படங்கள். 2019-ல் மதுமிதா இயக்கிய 'கே.டி. (எ) கருப்புதுரை'. 2020-ல் தியேட்டருக்கு வந்த ப்ரியா கிருஷ்ணஸ்வாமியின் 'பாரம்'. 2023-ல் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'தலைக்கூத்தல்'. மூன்றுக்கும் விஷயம் ஒன்றுதான். மூன்றாவது படத்தின் தலைப்பே அதுதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. விருதுநகர், மதுரை, தேனி பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில், இனிமேல் தேறமாட்டார் என்று வீடு முடிவு செய்துவிட்ட முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து 'அனுப்பிவைக்கிற' வழக்கம். ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், போலீஸுக்கு மட்டும் தெரியாது. 2010-ல் பத்திரிகைகள் விரிவாக எழுதிய பிறகுதான் மற்ற மாவட்டத்துக்காரர்கள் 'அப்படியுமா!' என்றோம். சட்டப்படி இது கொலை. அதில் சந்தேகமே வேண்டாம்.

இப்போது எதற்கு இந்தப் படங்கள் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. உலகமெங்கும் 'சாவதற்கு உதவும் சட்டம்' பற்றிய பேச்சு சூடாக நடக்கிறது. 2025 ஜூனில் பிரிட்டிஷ் மக்கள் சபை அப்படி ஒரு மசோதாவுக்கு 314-க்கு 291 என்ற ஓட்டுக் கணக்கில் சம்மதம் சொன்னது. நம் ஊர் டி.வி. விவாதங்களிலும் அவ்வப்போது 'கருணைக்கொலை வேண்டுமா, வேண்டாமா' என்று நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். அந்த நாலு பேருக்கும் இந்த மூன்று படங்களைப் போட்டுக் காட்டவேண்டும் என்பது என் ஆசை. படங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

* * *

முதலில் 'கே.டி.' மூன்று மாதம் கோமாவில் கிடந்த பெரியவர் கண் விழிக்கிறார். பிள்ளைகள் தன்னை முடிக்கத் திட்டம் போடுவது காதில் விழுகிறது. எழுந்து ஊரை விட்டே ஓடிவிடுகிறார். போன இடத்தில் குட்டி என்ற பையன் கிடைக்கிறான். ஆசைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அனுபவிக்கிறார்கள். மு.ராமசாமியும் நாக விஷாலும் அடிக்கிற கூத்தில் நாமும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறோம். நல்ல படம், மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கருப்புதுரைக்குக் கால் இருக்கிறது. நடக்கிறார், ஓடுகிறார், பிரியாணியை ஒரு வெட்டு வெட்டுகிறார். மூன்று மாசம் அசையாமல் படுத்தவர் எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவரை ஓட விட்டதால் படம் கஷ்டமான கேள்வியிலிருந்து தானும் ஓடிவிட்டது. ஓட முடியாதவருக்கு என்ன வழி? படத்தில் பதில் இல்லை.

'பாரம்' அந்தக் கேள்விக்கு நேராகப் போகிறது. கருப்பசாமி நகரத்தில் இரவுக் காவலாளி. தங்கை வீட்டோடு இருக்கிறார். விபத்தில் இடுப்பு எலும்பு போகிறது. ஆபரேஷன் செலவை நினைத்து மகன், 'ஊருக்குக் கூட்டிட்டுப் போய் வைத்தியம் பார்க்கிறேன்' என்று தூக்கிப் போகிறான். கொஞ்ச நாளில் சாவுச் செய்தி. ஆர்.ராஜு என்ற நாடக நடிகர் கருப்பசாமியாகவே இருக்கிறார். நடிப்பு என்று சொல்லத் தோன்றாது. 66-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற பரிசு தகுதியோடுதான் போனது.

குறை எங்கே? பாதிப் படத்துக்கு மேல், தங்கை மகன் வீரா நியாயம் கேட்டு அலைகிற கதையாக மாறிவிடுகிறது. குற்றவாளி யார் என்று நமக்கு முதலிலேயே தெரியும். ஆபரேஷன் ரசீது ஏன் அந்த மகனைப் பயமுறுத்தியது, அரசு ஆஸ்பத்திரி வாசல் வரை அவன் ஏன் போகவில்லை என்பதெல்லாம் விசாரிக்கப்படவே இல்லை. மகன் கெட்டவன். முடிந்தது கதை. மகனைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

'தலைக்கூத்தல்' இந்த நிம்மதியைக் கொடுக்காததால்தான் மூன்றில் அதை நான் மேலே வைக்கிறேன். சமுத்திரக்கனி நல்ல மகன். நினைவில்லாமல் படுத்துவிட்ட அப்பாவைத் துடைக்கிறார், ஊட்டுகிறார், முடிக்கச் சொல்லும் உறவுகளோடு மல்லுக்கு நிற்கிறார். அவர் மனைவியாக வரும் வசுந்தராவுக்கு, தமிழ்ப் படம் மருமகள்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற கொடுமைக்காரி வேஷம் இல்லை. அவள் உழைக்கிறாள், களைத்துப்போகிறாள், குழந்தையின் எதிர்காலத்தை நினைக்கிறாள். கணவன் செய்வதும் நியாயம், அவள் கேட்பதும் நியாயம். படுத்திருக்கிற அப்பாவுக்கும் உள்ளே ஒரு வாழ்க்கை ஓடுகிறது. இளவயது அப்பாவாகக் கதிர் வருகிற காட்சிகள் கொஞ்சம் நீளம்தான். இருந்தாலும் 'அவருக்கு ஒண்ணும் தெரியாது' என்று கட்டில் பக்கத்தில் நின்று பேசுகிறவர்களுக்கு அது சரியான பதிலடி.

மூன்று படத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். எதிலும் ஒரு நர்ஸ் வீடு தேடி வந்து கதவைத் தட்டித் துணையாக நிற்பதில்லை. எல்லாச் சுமையும் ஒரு வீட்டுக்குள், பெரும்பாலும் ஒரு பெண் தலையில். டைரக்டர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். நிஜத்தில் இருந்தால்தானே படத்தில் வரும்!

* * *

இனி சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் ஊசி போட்டுச் சாவைக் கொடுப்பதற்கு அனுமதி கிடையாது. தேறவே வாய்ப்பில்லாத நோயாளிக்கு, வென்டிலேட்டர் மாதிரியான செயற்கை உதவியை நிறுத்திக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு. அந்தக் கதவைத் திறந்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பரில் அங்கேயே ஒரு வார்டு ஊழியனால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து படுக்கையில் விழுந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி, 'உணவு கொடுப்பதை நிறுத்தி அவரை விடுவியுங்கள்' என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

2011 மார்ச் 7-ம் தேதி வந்த தீர்ப்பில், இப்படிச் சிகிச்சையை நிறுத்துவது கொள்கை அளவில் சரி என்றது கோர்ட். ஆனால் அருணா விஷயத்தில் மறுத்துவிட்டது. ஏன் தெரியுமா? கே.இ.எம். நர்ஸுகள் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். அத்தனை வருஷம் படுத்த உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அருணா சார்பில் பேசுகிற தகுதி அவர்களுக்குத்தான் உண்டு என்று கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. 2015 மே 18-ம் தேதி நிமோனியா வந்து அருணா தானாகவே போனார். கிட்டத்தட்ட 42 வருஷம்.

இந்த வழக்கில் எல்லோரும் தீர்ப்பைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த வார்டுதான் முக்கியமாகப் படுகிறது. 42 வருஷம் அலுக்காமல் பார்த்துக்கொள்ள முடிந்ததற்குக் கருணை ஒரு காரணம். இன்னொரு காரணம் ஷிஃப்ட். எட்டு மணி நேரம் பார்த்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார், அடுத்தவர் வந்தார். மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது. 'தலைக்கூத்தல்' படத்து மருமகளுக்கு ஷிஃப்ட் உண்டா? அந்த வார்டில் பாதி வசதி அவளுக்கு இருந்திருந்தால் படத்துக்குக் கதையே இருந்திருக்காது.

அதற்கப்புறம் 2018 மார்ச் 9-ம் தேதி ஐந்து நீதிபதிகள் பெஞ்ச், 'லிவிங் வில்' எனப்படும் உயிர் உயிலுக்கு அனுமதி கொடுத்தது. 'எனக்கு நினைவு தப்பி, தேற வழியில்லாமல் போனால் குழாய்களை மாட்டாதீர்கள்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முதலில் இதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 2023 ஜனவரியில் அதைச் சுலபமாக்கினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஸட்டட் ஆபீஸர் போதும். ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர் குழுக்கள், ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்து முடிவு சொல்லவேண்டும்.

இந்தச் சட்டம் தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். மீளவே முடியாத ஒருவரை மெஷினில் மாட்டி வைத்து, தினசரி பில் போட்டு, குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவருவது வைத்தியம் ஆகாது. ஆனால் இது ஐ.சி.யூ.வுக்கான சட்டம். வென்டிலேட்டர் இருந்தால்தானே அதை நிறுத்தலாமா என்ற கேள்வி வரும்? திண்ணையிலோ கூடத்திலோ கட்டிலில் கிடக்கிற கருப்பசாமிக்கு மாட்டவும் ஒன்றுமில்லை, கழற்றவும் ஒன்றுமில்லை. அவருடைய கேஸ் கோர்ட்டுக்கும் வராது, டாக்டர் குழுவுக்கும் வராது.

* * *

நான் படித்தது பி.காம். எந்த விவாதமானாலும் பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஒரு கணக்குப் போடுவோமா?

வாலாஜாபாத் பக்கம் தென்னேரி. பெரிய ஏரிக்குப் பேர் போன ஊர். காஞ்சிப் பட்டு நெசவு நடக்கிற வட்டாரம். அங்கே ஒரு நெசவாளர் வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். அந்த வீட்டில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வருகிறது என்று வையுங்கள்.

வரவுப் பக்கம் முதலில். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. பெரிய விஷயம்தான், குறைத்துப் பேசக் கூடாது. எத்தனையோ குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. 2024-ல் மத்திய அரசும் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் காப்பீட்டை விரித்தது. ஆனால் இந்தப் பணமெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற வரைக்கும்தான். 'இனி செய்றதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க' என்று டாக்டர் சொன்ன நிமிஷம் அட்டையின் வேலை முடிந்தது.

இனி செலவுப் பக்கம். டயப்பர். மூத்திரக் குழாய். புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. கஞ்சி ஏற்றும் குழாய். செக்கப்புக்குக் காஞ்சிபுரம் போக வேன் வாடகை. இதெல்லாம் ரசீது உள்ள செலவு. ரசீது இல்லாத செலவு ஒன்று இருக்கிறது. தாத்தாவைத் திருப்பிப் போட, துடைக்க, ஊட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? கரைப் பக்கம் உட்காருகிற பெண்டாட்டிதான். அவள் எழுந்தால் தறி நின்றது. தறி நின்றால் ஒருத்தர் கூலி அல்ல, இரண்டு பேர் கூலியும் போச்சு.

இந்த நஷ்டத்தை எந்த இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் எழுதுவீர்கள்? அதற்குக் கட்டமே கிடையாது. கணக்கில் வராத செலவு எங்கேயாவது ஒரு இடத்தில் வந்து நிற்கும். தென் மாவட்டத்துச் சில வீடுகளில் அது எண்ணெய்க் கிண்ணத்தில் வந்து நிற்கிறது. மற்ற ஊர்களில் கிண்ணம் கிடையாது. மாத்திரை நாள் தள்ளிப் போகும், சாப்பாடு அளவு குறையும், 'அவருக்கு எதுக்கு இனிமே' என்று ஒரு குரல் வரும். பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

* * *

'அதனால்தான் சட்டம் வேண்டும், ஒளிந்து செய்வதை டாக்டர் முன்னால் முறையாகச் செய்யலாமே' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு வெளிநாட்டைப் பார்த்து விடை தேடுவோம்.

கருணைக்கொலைச் சட்டம் என்றதும் எல்லோரும் காட்டுகிற நாடு நெதர்லாந்து. அங்கே அந்தச் சட்டம் 2002-ல் அமலுக்கு வந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நெதர்லாந்தில் நீண்டகாலப் பராமரிப்புக்கான தேசியக் காப்பீடு 1968-லேயே வந்துவிட்டது. முடியாதவரைப் பார்த்துக்கொள்ளும் செலவை நாடே ஏற்றுக்கொண்டு 34 வருஷம் கழித்துத்தான் சாவதற்கான சட்டம். அந்த வரிசை முக்கியமில்லையா? நாம் முதல் படியை விட்டுவிட்டு நேராக மாடிக்கு ஏணி கேட்கிறோம்.

வரிசை ஒழுங்காக இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1997-லிருந்து இந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மருந்து வாங்கிச் சாகிறவர்கள் சொல்லும் காரணங்களை அரசாங்கமே ஒவ்வொரு வருஷமும் வெளியிடுகிறது. வலி என்று சொல்கிறவர்களைவிட 'குடும்பத்துக்குச் சுமையாக இருக்கிறேன்' என்று சொல்கிறவர்கள் அதிகம். பத்தில் நாலு பேருக்கு மேல் சொல்கிறார்கள். அங்கேயும் அதே வார்த்தைதான். பாரம்!

கனடாவில் 2016-ல் சட்டம் வந்தது. அதை விரிவாக்குவதற்கு முன் 2020-ல் நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். விரிவாக்கத்தையும் சேர்த்தால் 2021-ல் மருத்துவச் செலவில் 14.9 கோடி கனடா டாலர் மிச்சம் ஆகும் என்று வந்தது. 'செலவைக் குறைக்க இது வழி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது' என்று அவரே அறிக்கையில் எச்சரித்தும் இருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் எண்ணை எழுதிவிட்டால் எழுதியதுதான். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மிச்சம் என்று ஒரு கட்டத்தில் எண் விழுந்துவிட்டால் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஆட்கள் எந்த ஆபீஸிலும் இருப்பார்கள். நம் மாதிரி ஏழைத் துறையில் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு வாதமும் வரும். 'தமிழர் மரபிலேயே இது உண்டே, வடக்கிருத்தல் இல்லையா?' உண்டு. பிள்ளைகளோடு பகை வந்து கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், நண்பர் பிசிராந்தையார் வந்து சேர்ந்துகொண்டார். செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைக் கல்வெட்டே சொல்கிறது. இவர்களெல்லாம் தாங்களே முடிவெடுத்து உட்கார்ந்தவர்கள். தானாக வடக்கே பார்த்து உட்காருவது வேறு, மற்றவர்கள் தூக்கி உட்கார வைப்பது வேறு. தலைக்கூத்தலில் எல்லோரிடமும் சம்மதம் கேட்பார்கள். குளிக்கப் போகிறவரைத் தவிர.

சரி, வழி இல்லையா? பக்கத்திலேயே இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து வலி தணிப்பு சிகிச்சை ஆரம்பித்தார்கள். 2008-ல் கேரள அரசு அதையே கொள்கையாக ஏற்றது. பஞ்சாயத்து தோறும் நர்ஸ், வீடு தேடிப் போவார். புண்ணைக் கழுவுவார், குழாய் மாற்றுவார், வீட்டுப் பெண்ணுக்கு எப்படித் திருப்பிப் போடுவது என்று கற்றுக்கொடுப்பார். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு படுக்கை நோயாளிகளுக்கான கவனிப்பும் பிஸியோதெரபியும் சேர்க்கப்பட்டன. சரியான திசை. ஆனால் எப்போதோ ஒரு தடவை வருகிற நர்ஸால் தறி ஓடாது. தினசரி சில மணி நேரமாவது மாற்று ஆள் வேண்டும்.

வலிக்கு மார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. அதற்கான அபினியைச் சட்டப்படி விளைவிக்கிற நாடு நம்முடையது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே அது எட்டாமல் போனது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். புற்றுநோய் வலியில் 'என்னைக் கொன்னுடுங்க' என்று கத்துகிறவர் சாவைக் கேட்கிறாரா, வலி நிற்க வேண்டும் என்கிறாரா? மாத்திரை கொடுத்துவிட்டு மறுநாள் அவரிடமே கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமலே சட்டம் போடுவது அவசரம்.

* * *

யாராவது நாலாவது படம் எடுப்பார்கள். எடுக்கிறவருக்கு ஒரு வேண்டுகோள். மகனை வில்லனாக்காதீர்கள், தியாகியும் ஆக்காதீர்கள். வீடு தேடி வருகிற அந்த நர்ஸைக் கதாநாயகி ஆக்குங்கள். ஆஸ்பத்திரி பில்லையும் நின்றுபோன தறியையும் ஒரே ஃப்ரேமில் காட்டுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை. 'தலைக்கூத்தல்' படத்தை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, 'உங்களுக்கு முடியாமப் போனா நாங்க என்ன செய்யணும்?' என்று கேளுங்கள். 'யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுப்பா' என்பார்கள். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.

இன்னொரு தடவை கேளுங்கள்.